மாத வருமானம் ஏறி இறங்குவதால் போர்ச்சுகல் விசா கிடைக்கவில்லையா? வேறு எந்த நாட்டு விசா?

தாய்லாந்தின் டிடிவி விசாவை (Destination Thailand Visa: அங்கே தங்கி வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்வோருக்கும் தரும் விசா) பாருங்கள். மாதச் சம்பளம் சீராக இல்லாத ஃப்ரீலான்சருக்கு அதுதான் தோது. அவர்கள் பார்ப்பது கையிருப்பை: 5 லட்சம் பாட். விசா 5 ஆண்டு செல்லும், ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம்.

போர்ச்சுகல் உங்களை நிராகரித்ததற்கு அனேகமாக 3 மாத வருமானச் சராசரிதான் காரணம். அது அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல 4 மடங்கு வரவேண்டும். இடையில் ஒரு மாதம் வறண்டாலே சராசரி சரிந்துவிடும்.

டிடிவிக்கு விண்ணப்பிக்கும் முன் வங்கி அறிக்கையைப் புரட்டுங்கள். கடைசி 3 மாதத்தில் இருப்பு ஒருநாளாவது அந்த 5 லட்சம் பாட்டுக்குக் கீழே இறங்கியதா? நேற்று மொத்தமாக வந்து விழுந்த பணம் எடுபடாமல் போகலாம்.

அப்புறம், ஒரே ஆண்டில் தாய்லாந்தில் தங்குவது 180 நாளைத் தொட்டால் அங்கே வரிக் கணக்குக்குள் வந்துவிடுவீர்கள். தாய்லாந்து நிறுவனத்துக்கு வேலை செய்யவும் கூடாது.