வாசகர் கேள்வி பதில்: விமான வாசல் வரை கதிரையை விட்டுக்கொடுக்காதீர்கள்

போன இதழில், வீல்செயாரில் இருப்பவர்கள் வெளிநாட்டுப் பயணம் பற்றிக் கேட்கலாம் என்று ஒரு வரி போட்டதுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. நானும் பதினைந்து வருடமாகக் கதிரையில்தான் இருக்கிறேன். வெள்ளவத்தையில் என் ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு வருவதற்குள்ளேயே மூன்று இடத்தில் நடைபாதை முடிந்துவிடும். ஆகவே சட்டப் புத்தகம் படித்த ஆளாக இல்லாமல், அடிபட்டு அறிந்தவனாகவே பதில் எழுதுகிறேன்.

எனக்கு 29 வயது. விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிங்கப்பூரில் மாமா மகளுக்குக் கல்யாணம். நான் இதுவரை விமானம் ஏறியதில்லை. "போய் ஆட்களுக்குக் கரைச்சல் குடுக்காதே" என்கிறார் அம்மா. வாசலில் இருந்து சீட் வரைக்கும் எப்படிப் போவது? என் கதிரையும் வருமா? — வாசகி, தெஹிவளை

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: தூக்கி ஏற்றுவதற்கு அங்கே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள், சொந்தக்காரர் யாரும் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். டிக்கெட் போடும்போதே உதவி வேண்டும் என்று பதிய வேண்டும், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது. "வீல்செயார் வேணும்" என்று மட்டும் சொன்னால் போதாது. விமானக்காரர்களிடம் மூன்று ரகம் உண்டு, எல்லாம் டபிள்யூ.சி.எச். என்று தொடங்கும், கடைசி எழுத்துதான் முக்கியம். ஆர் என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார். எஸ் என்றால் படி ஏறமாட்டார், உள்ளே சீட் வரை நடப்பார். சி என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் இருத்த வேண்டும். உங்களுக்குச் சி. டிராவல் ஏஜென்சித் தம்பி அவசரத்தில் ஆர் என்று அடித்துவிட்டால், விமான வாசலில் "அக்கா, கொஞ்சம் எழும்புங்க" என்பார்கள், அப்போது சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. பதிந்ததை எழுத்தில் வாங்கி, இரண்டு நாளைக்கு முன் ஒருக்கா போன் பண்ணியும் உறுதிப்படுத்துங்கள்.

செக்-இன் கவுண்டரில் "உங்கள் கதிரையைத் தாருங்கள், எங்கள் கதிரையில் இருங்கள்" என்பார்கள். வேண்டாம். விமான வாசல் வரை என் கதிரையில் வருகிறேன், இறங்கும்போதும் வாசலிலேயே வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கென்று தனி டேக் கட்டுவார்கள். விமான நிலையக் கதிரைகளில் பெரும்பாலும் பின்னால் பெரிய சக்கரம் இல்லை, நாமாக உருட்ட ஏலாது. தள்ளுகிறவர் ஒரு மூலையில் விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போனால் அவர் வரும்வரை பூச்சாடி மாதிரி அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

வாசலில் ஒரு ஒடுக்கமான கதிரை வரும், விமானத்தின் நடைவழிக்குள் போகிற அளவுக்கு. நெஞ்சிலும் முழங்காலிலும் பட்டி கட்டுவார்கள். முழங்கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சீட்டிலும் இடிபடும். இரண்டு பேர் வந்து, ஒருவர் அக்குளுக்குக் கீழே, ஒருவர் முழங்காலுக்குக் கீழே பிடிப்பார்கள். அவர்கள் எண்ணிக்கையில் தூக்க விடாதீர்கள், "நான் மூன்று சொல்லும்போது தூக்குங்கள்" என்று நீங்கள் எண்ணுங்கள். உணர்வில்லாத கால் எங்காவது மாட்டினால் அது உங்களுக்குத் தெரியாது, ஆகவே காலைப் பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள். சீட் நடைவழி ஓரமாக, கைப்பிடி மேலே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சில சீட்டுகளில் அதைத் தூக்கும் சின்ன விசை கைப்பிடிக்கு அடியில், பின்பக்கமாக ஒளிந்திருக்கும், பணியாளர்களுக்கே தெரியாமல் இருப்பதுண்டு. முதலில் ஏற்றுவார்கள், கடைசியாக இறக்குவார்கள். மெத்தையைக் கதிரையோடு விடாதீர்கள், விமான சீட்டில் போட்டு அதன் மேலேயே இருங்கள், அழுத்திப் புண் வரும் ஆபத்து குறையும்.

கதிரை கட்டாயம் வரும். நமக்கு அது கால், பயணப்பொதிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் எப்படி வரும் என்பது வேறு கதை. ஒருமுறை நான் வாசலில் கேட்டும் என் கதிரை சூட்கேஸ்களோடு பெல்ட்டில் சுற்றிக்கொண்டு வந்தது, ஒரு கால்மிதி வளைந்து கிடந்தது. பணியாளர் மன்னிப்புக் கேட்டார், பாவம் என்று நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போன் பண்ணினால் "முறைப்பாடு பதியப்படவில்லையே சேர்" என்றார்கள். அந்தக் கால்மிதியை பஞ்சிகாவத்தையில் என் காசில் நிமிர்த்தினேன்.

ஆகவே கால்மிதி, பக்கத் தட்டு எது கழன்றாலும் கழற்றி ஒரு பையில் போட்டு உள்ளே கொண்டுபோங்கள். கையளிக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். சேதம் என்றால் பொதி எடுக்கும் மண்டபத்தை விட்டு வெளியே வருமுன் எழுத்தில் முறைப்பாடு பதிந்து பிரதி வாங்குங்கள், பிந்தினாலும் 7 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். விமானப் பயண நட்டஈடு பற்றிய மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி பொதி சேதத்துக்கு (நட்டஈட்டில் கதிரையும் பொதிதான்) உச்ச வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். உங்கள் கதிரை அதைவிட விலை என்றால், செக்-இன்னில் அதன் பெறுமதியை விசேடமாக அறிவித்து வரம்பை உயர்த்தலாம், அதற்கு ஒரு கட்டணம் கேட்கக்கூடும். கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு இது தெரியாது என்றால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் இறங்கிய பிறகு உங்களுக்குக் கோபம்தான் வரும், "ஏன் நம்ம ஊரில் இது இல்லை" என்று. எம்.ஆர்.டி. என்கிற நகர ரயிலின் நிலையம் எல்லாவற்றிலும் லிப்ட் உண்டு. பொது பஸ் எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு, சாரதியே இறங்கி வந்து அதை விரித்துவிடுவார். இங்கே பம்பலப்பிட்டியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் படியைப் பார்த்துப் பழகிய எனக்கு முதல் தடவை தொண்டை அடைத்துவிட்டது. சிக்கல் எங்கே என்றால் லிட்டில் இந்தியாவில், பழைய கடைகளின் முன்தாழ்வாரம் கடைக்குக் கடை உயரம் மாறும், இடையிடையே படி. சிராங்கூன் வீதியில் கல்யாணச் சேலை வாங்கப் போகிறீர்கள் என்றால் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள்.

ஹோட்டலுக்கு "வீல்செயார் வசதி உண்டா" என்று எழுதாதீர்கள், உண்டு என்றுதான் பதில் வரும். குளியலறைக் கதவு எத்தனை சென்டிமீற்றர், வாசலில் படி இருக்கிறதா, டேப் வைத்து அளந்து ஒரு படம் அனுப்புங்கள் என்று எழுதுங்கள். உங்கள் கதிரையின் அகலத்தை முதலில் நீங்கள் அளந்து வையுங்கள், உருட்டும் வளையத்தின் வெளி விளிம்பு வரை.

அப்பாவின் மடக்கும் மின் கதிரையில் 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி. விமானத்தில் விடுவார்களா? — வாசகர், கொட்டாஞ்சேனை

இரண்டையும் பெருக்குங்கள், 288 வாட்-மணி. கழற்றக்கூடிய பற்றரி என்றால், கழற்றிக் கையோடு கபினுக்குள் கொண்டுபோக வேண்டும், ஒன்றுக்கு வரம்பு 300. அப்பாவுடையது மயிரிழையில் தப்பும். கதிரையில் இரண்டு பற்றரி இருந்தால் ஒவ்வொன்றும் 160க்குள் இருக்க வேண்டும், அப்படியானால் உங்களது இரண்டும் போகாது. முனைகளுக்கு டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போடுங்கள். பற்றரியின் மேல் இலக்கம் அழிந்திருந்தால் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து வையுங்கள். விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். பற்றரி கழற்ற முடியாத பெரிய கதிரைகளுக்கு விதி வேறு.

லண்டனில் அண்ணனிடம் போகிறேன், 11 மணி நேரம். மலசலகூடப் பயத்தில் முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். — வாசகர், வத்தளை

செய்யாதீர்கள். நானும் செய்தேன், போய் இறங்கி மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும். சிறுநீர்க் குழாய் நிரந்தரமாகப் போட்டிருப்பவர் என்றால் காலில் கட்டும் சிறுநீர்ப் பைக்குக் கீழே பெரிய இரவுப் பையை இணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நேரத்துக்கு நேரம் குழாய் போடுகிறவர் என்றால் பயணத்துக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு குழாய், வைத்தியரின் கடிதத்தோடு கைப்பையில். விமானத்துக்குள் ஒடுக்கமான கதிரை இருக்கிறதா என்று டிக்கெட் போடும்போதே கேளுங்கள். பணியாளர் மலசலகூட வாசல் வரை தள்ளுவார், உள்ளே உதவ மாட்டார், உள்ளே இரண்டு பேர் நிற்க இடமுமில்லை. லண்டனில் பஸ்ஸும் கறுப்பு டாக்ஸியும் சாய்தளத்தோடு வரும், நிலக்கீழ் ரயிலில் மட்டும் எந்த நிலையத்தில் லிப்ட் உண்டு என்று பார்த்துப் போங்கள்.

அம்மாவுக்கு நடக்க ஏலும். வரிசையில் நிற்காமல் இருக்க வீல்செயார் கேட்கலாமா? — வாசகி, கல்கிசை

முழங்கால் வலி, மூச்சு வாங்கும் என்றால் தாராளமாக, ஆர் என்று பதியுங்கள். வரிசைக்காக மட்டும் என்றால் வேண்டாம், அந்த நேரத்தில் தள்ள ஆளில்லாமல் காத்துக்கொண்டிருப்பது நான்.

மலேசியாவில் பத்துமலை முருகனைக் கதிரையில் இருந்து பார்க்கலாமா? — வாசகர், மட்டக்குளி

கீழே நின்று 42.7 மீற்றர் முருகனை அண்ணாந்து பார்க்கலாம், கழுத்துத்தான் வலிக்கும். மேலே குகைக்கு 272 படி. என்னைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று உறவுக்காரப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். நாற்பதாவது படியில் ஒருவன் இளைக்கத் தொடங்கினான், "இறக்கடா தம்பி" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து இளநீர் குடித்தோம்.