நாற்காலிக்காகவா சிறைக்குப் போனார்கள்?

கேள்வி: விடுதலைப் போராட்டத் தலைவர்களைத் தியாகிகள் என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறோம். பின்னால் கிடைக்கப்போகும் பதவியைக் கணக்குப் போட்டுத்தானே அவர்களும் சிறைக்குப் போனார்கள்?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. வெள்ளைக்காரன் தந்த உத்தியோகத்தில் பத்திரமாக இருந்துகொண்டார்கள்.

1947 வந்துவிட்டது என்பது இன்றைக்கு நமக்குத் தெரியும். 1908-ல் வ.உ.சி.க்கு எப்படித் தெரியும்? அவருக்கு நீதிபதி பின்ஹே விதித்தது 40 ஆண்டுத் தண்டனை. அப்போது அவருக்கு வயது 35. எந்தப் பதவியை நினைத்துக்கொண்டு அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்திருப்பார்? மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 கடைசியில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழில் நடத்தும் உரிமமான சன்னதும் இல்லை. சுதந்திரத்துக்கு 11 ஆண்டுகள் முன்பே கண்ணை மூடிவிட்டார். கடலில் கப்பல் விட்டவர் எழுதிய உயிலில், கொடுக்க வேண்டிய கடை பாக்கிகளும் இருந்தன.

சரி, பதவிக்கு வந்தவர்களையே எடுத்துக்கொள்வோம். நாட்டின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத். 1942 ஆகஸ்டில் கைதாகி, நேரு, படேல் ஆகியோருடன் அகமத்நகர் கோட்டையில் அடைக்கப்பட்டார். மறு ஆண்டு, கல்கத்தாவில் அவர் மனைவி சுலைகா பேகம் படுத்த படுக்கையானார். அரசாங்கத்திடம் ஏதாவது கேட்க விரும்பினால் அனுப்பிவைக்கிறேன் என்று சிறைக் கண்காணிப்பாளரே சொன்னார். கேட்க ஒன்றுமில்லை என்றுவிட்டார் ஆசாத். கல் நெஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் பத்திரிகை வரும் நேரத்தில் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். அதை யாருக்கும் காட்டாமல் இருக்கப் பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். ஏப்ரலில் மனைவி இறந்துபோனார். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1945-ல் விடுதலையாகிக் கல்கத்தாவில் இறங்கியபோது கார் முழுக்க மாலைகள். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியின் அடக்கத்தலத்துக்கு வண்டியை விடச் சொன்னார். அந்த மாலைகளில் ஒன்றை எடுத்து அங்கே வைத்துவிட்டுப் பிரார்த்தனை செய்தார். பின்னால் வந்த ஒரு மந்திரிப் பதவி இதற்கு ஈடாகுமா?

அவர்களிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரிவினையின்போது எடுத்த முடிவுகளை விமர்சியுங்கள், நேருவின் சீனக் கொள்கையை விமர்சியுங்கள். அதற்கெல்லாம் நியாயம் உண்டு. ஆனால் நாற்காலி ஆசை என்கிறீர்களே, அதிகாரம் கைக்கு வந்ததும் அதை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதையும் பாருங்கள். காங்கிரஸையும் காந்தியையும் கிழிகிழியென்று கிழித்த அம்பேத்கரிடம் சட்டத்துறை போனது. நிதியை நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரிடம் கொடுத்தார்கள்; அவர் காங்கிரஸை எதிர்த்த நீதிக்கட்சியிலிருந்து வந்தவர். சிறைக்குப் போன சொந்தக் கட்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது இதைச் செய்தார்கள். பதவிக்கு அலைந்தவர்கள் செய்கிற காரியமா இது?