இத்தாலிய அலுவலகத்துக்குப் பதில் எழுத எந்த வினைச்சொல்?

கேள்வி: குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தேன். நிராகரிக்கப் போவதாக முன்னறிவிப்பு வந்திருக்கிறது. பதில் எழுத, மொழிபெயர்ப்புச் செயலி ‘ரெயஜீரெ’ என்கிறது. கடிதம் எழுதித் தருபவர் ‘ரெப்ளிகாரெ’ என்கிறார். எது சரி? – பலெர்மோ வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். ‘ரிஸ்போண்டெரெ’ போதும்.

‘ரெயஜீரெ’ என்பது அடிபட்டவன் திருப்பி அடிப்பது, உடல் மருந்துக்குக் காட்டும் மாற்றம். ‘ரெயஜீஸ்கோ’ என்று தொடங்கினால் மல்லுக்கு நிற்பதாகத் தொனிக்கும். ‘ரெப்ளிகாரெ’ மறுத்துரைப்பது, முதல் கடிதத்திலேயே அந்த மிடுக்கு எதற்கு?

‘ரிஸ்போண்டோ அல்லா வோஸ்ட்ரா லெட்டெரா’ என்று தொடங்குங்கள்: உங்கள் கடிதத்துக்குப் பதிலளிக்கிறேன். நம்முடைய ‘க்கு’ இருக்கும் இடத்தில் அவர்களுடைய ‘ஆ’ வரும். அடுத்த சொல்லோடு சேர்ந்து ‘அல்’, ‘அல்லா’ ஆகும். ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள்தான் இந்த ‘ஆ’வை விட்டுவிடுகிறார்கள். தமிழிலிருந்து நேரே போனால் தவறாது.

ஓரிடத்தில் மட்டும் நம் ‘க்கு’ கைவிடும். அதே வினையோடு ‘ஆ’வுக்குப் பதில் ‘டி’, ‘டெல்’, ‘டெல்லா’ வந்து, பின்னால் கடன், சேதம், தவறு போன்ற சொல் நின்றால், ‘அதற்கு நானே பொறுப்பு’ என்று பொருள். கடிதத்துக்குப் பதில், கடனுக்குப் பொறுப்பு என நமக்கு இரண்டும் ‘க்கு’தான், அவர்களுக்கு இரண்டும் வேறு வேறு. காசு வாங்கிக்கொண்டு எழுதித் தரும் தரகர்கள் பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி நீட்டுகிறார்கள். வீட்டுக்காரரின் சேதத்துக்குத் தானே பொறுப்பு என்ற வரி இருந்த தாளில், பதில் கடிதம் என்று நம்பிக் கையெழுத்திட்டவரைப் பார்த்திருக்கிறேன். ‘ரிஸ்போண்டோ’வைக் கண்டால் அடுத்த சொல்லில் விரலை வைத்துப் படியுங்கள். ‘டி’ இருந்தால், விளக்கம் கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

1990ஆம் ஆண்டின் 241ஆம் எண் சட்டம், இத்தகைய முன்னறிவிப்புக்கு எழுத்தில் விளக்கம் தர 10 நாள் தருகிறது. வேற்று மொழிக்காரர் கையில் கடினமான அலுவலக இத்தாலியத்தைத் திணித்துவிட்டு, 10 நாளில் பதில் கேட்பது என்ன நியாயம்? எளிய மொழியில் எழுதினால் தரகருக்கு வேலையே இருக்காது. சட்ட வாதத்தை வழக்கறிஞரிடம் விடுங்கள். கடித உறையை எறிந்துவிடாதீர்கள்; நாள் கணக்கு அது உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்துதான்.