ஆடும் டிப்ஸ்டிக் குழாய், கூட்டுக்குள் சுற்றும் பேரிங்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பழைய டீசல் காரில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) செருகும் குழாய், இன்ஜின் பிளாக்கில் இறங்கும் இடத்தில் ஆடுகிறது. கையால் இழுத்தாலே வந்துவிடுகிறது. ஆயில் கசிந்து, வயல் ரோட்டுப் புழுதி அதன்மேல் அப்பிக்கொள்கிறது. எபாக்ஸியைப் பிசைந்து சுற்றி வைத்ததில் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. வெல்டிங் வைத்துவிடலாமா?
– வாசகர், மன்னார்குடி

வெல்டிங் வேண்டவே வேண்டாம். உங்கள் பிளாக் வார்ப்பிரும்பு என்றால், சூடேற்றாமல் ஓரிடத்தில் மட்டும் பற்றவைக்கும்போது அதன் பக்கத்திலேயே விரிசல் விடும். இருநூறு ரூபாய் வேலை பிளாக்கையே மாற்றும் வேலையாகிவிடும்.

எபாக்ஸி ஏன் தாங்கவில்லை என்றால், அது வெளியே அணைபோல் நின்றதே தவிர, குழாய்க்கும் துளைக்கும் நடுவே போகவில்லை. குழாய் உள்ளே ஆடிக்கொண்டே இருந்தால் வெளிப்பூச்சு எதுவானாலும் விட்டுத்தான் போகும். சென்டர் பஞ்சால் குழாயில் நாலைந்து புள்ளி குத்தி அடித்து இறக்குவதும் இதே கதைதான். அந்தப் புள்ளிகள் மட்டும் பிடித்திருக்கும், அவை தேய்ந்ததும் பழையபடி ஆடும். டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அதன் நார் இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழுந்தால் பம்பின் சல்லடையில் போய்ச் சிக்கும்.

முதலில் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். குழாயின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் எடுங்கள். துளைக்குத் தனிக் கேஜ் இல்லையென்றால் டிரில் பிட்டின் வால் பக்கத்தைச் செருகிப் பார்க்கலாம். இறுக்கமாக நுழையும் பிட் எதுவோ, அதன் வாலை மைக்ரோமீட்டரில் அளந்தால் துளையின் அளவு கிடைத்துவிடும். லேத் பட்டறையில் 'தவ்' கணக்கில் சொல்வார்கள். ஒரு தவ் ஏறக்குறைய 0.025 மி.மீ.; பத்து தவ் என்றால் கால் மில்லிமீட்டர்.

விட்டத்தில் அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் இருந்தால் ரிடெய்னிங் காம்பவுண்டு (ஒன்றுக்குள் ஒன்று செருகிய உலோகப் பாகங்களைப் பிடித்து நிறுத்தும் திரவப் பசை) போதும். லாக்டைட் 638 இதற்கென்றே உள்ளது. 180 டிகிரி வரை தாங்கும். குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகிறதென்றால் 230 டிகிரி தாங்கும் 620 எடுங்கள், ஆனால் அது நிரப்பும் இடைவெளி சற்றுக் குறைவு. போல்ட்டுக்குப் போடும் நீல நிற 243 இந்த வேலைக்கு ஆகாது. இந்த வகைத் திரவம் காற்று படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும். பாட்டிலை நிறைய நிரப்பாமல் விற்பதும் அதனால்தான். உள்ளே காற்று இருந்தால்தான் அது திரவமாகவே இருக்கும்.

வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். குழாயை உருவுவதற்கு முன், அது எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்பதைப் பளபளப்பு மறைந்த கோட்டை வைத்து மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள். உருவியபின் துளைக்குள் துணியைத் திணித்து, அது உள்ளே போய்விடாதபடி நூல் கட்டி விடுங்கள். எமரித் தாளைக் குழாயைச் சுற்றிய வாக்கில் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஆயில் வெளியேற ஒரு வாய்க்கால் ஆகிவிடும். பிறகு பிரேக் கிளீனர் அல்லது அசிட்டோனால் குழாய், துளை இரண்டையும் துடையுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கூடாது. அவை காய்ந்தாலும் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். இரண்டு முறை துடைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். துணியில் கறை பட்டால் மறுபடியும் துடைக்க வேண்டும்.

குழாயின் நுனியில் 3 மி.மீ. விட்டு, அதற்கு மேல் சுற்றிலும் ஒரு வளையமாகக் காம்பவுண்டைத் தடவுங்கள். நுனிவரை தடவினால் மிச்சம் உள்ளே வழிந்து, இறுகாமல் ஆயிலோடு கலக்கும். துணியை எடுத்துவிட்டு, குழாயைத் திருகியபடியே குறித்த கோடு வரை இறக்குங்கள். உடனே குழாயை மேலே பிடித்து நிறுத்தும் கிளாம்ப் போல்ட்டைப் பூட்டிவிட்டு 24 மணி நேரம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் விடுங்கள்.

அந்தக் கோடு மிக முக்கியம். குழாய் 10 மி.மீ. மேலே நின்றால் டிப்ஸ்டிக்கும் அவ்வளவு மேலே நிற்கும். ஆயில் சரியாக இருந்தாலும் குறைவாகக் காட்டும், நீங்கள் கூடுதலாக ஊற்றுவீர்கள். கீழே போய்விட்டால் குறைந்த ஆயிலை நிறைவாகக் காட்டும், இதுதான் பெரிய ஆபத்து. எனவே அடுத்த ஆயில் மாற்றத்தில் கையேட்டில் சொன்ன அளவை அளந்து ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, சமதரையில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தொட வேண்டும்.

இடைவெளி கால் மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தாலோ பசையை நம்பாதீர்கள். லேத்தில் மெல்லிய ஸ்டீல் புஷ் (துளைக்குள் செருகும் வளையம்) கடைந்து போட்டு, அதில் குழாயை இறக்குவதே சரி.

இத்தனையும் செய்தபின் மறுபடியும் ஆடுமா என்பது, முதலில் ஏன் ஆடியது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் மேலே உள்ள கிளாம்ப் போல்ட் எப்போதோ காணாமல் போயிருக்கும். போல்ட் இல்லாத குழாய் அதிர்வில் துளையைத் தானே அரித்துக்கொள்ளும். அடுத்துப் பார்க்க வேண்டியது, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திறங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிரீதர் சேறு கட்டி அடைத்திருக்கும், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அந்த அழுத்தம்தான் டிப்ஸ்டிக் வழியாகவும் ஆயிலைத் தள்ளுகிறது.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங், அலுமினியக் கூட்டுக்குள் வெளி வளையத்தோடு சுற்றுகிறது. குளிர்ந்திருக்கும்போது பிடித்திருப்பதுபோல் தெரிகிறது; சூடானதும் சத்தம். கூட்டில் பஞ்ச் அடிக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

நீங்கள் கவனித்ததிலேயே காரணம் இருக்கிறது. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 35 மி.மீ. பேரிங் என்றால், 80 டிகிரி சூடு ஏறும்போது கூடு பேரிங்கைவிட ஏறத்தாழ 0.03 மி.மீ. அதிகம் அகலும். புதிதில் இருந்த இறுக்கம் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தால் சூட்டில் வளையம் விடுபட்டுச் சுற்றும்.

பஞ்ச் அடித்தால் பேரிங் மையம் தவறும், உள்ளே சுற்றும் ரோட்டர் ஒரு பக்கம் உரசவும் கூடும். ஒட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். சில ஆல்டர்னேட்டர்களில் பின் பேரிங்குக்கு பிளாஸ்டிக் வளையமோ ஓ-ரிங்கோ இருக்கும். பேரிங் நீளவாக்கில் கொஞ்சம் நகர வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளரே வைத்தது அது. தேய்ந்திருந்தால் அதையே புதிதாக மாற்றுங்கள். பிளாஸ்டிக்கில் காம்பவுண்டு போடாதீர்கள், விரிசல் விடும்.

வெறும் அலுமினியக் கூடுதான் என்றால், அடுத்த முறை கழற்ற முடிகிற லாக்டைட் 641 காம்பவுண்டு போதும். கூட்டின் உட்சுவரில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். பேரிங்கின் சீல் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. அலுமினியத்தில் மெதுவாகத்தான் இறுகும் என்பதால் இறுகுவதை விரைவாக்கும் 7649 ஆக்டிவேட்டரை முன்பே தெளியுங்கள். ஆல்டர்னேட்டரின் இரு பாதிகளையும் சேர்க்கும் நீள போல்ட்டுகளை உடனே முறுக்கிவிட வேண்டும். காம்பவுண்டு இறுகுவதற்குள் பேரிங் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தாமதித்தால் தவறான இடத்தில் ஒட்டி, இரு பேரிங்கும் ஒன்றையொன்று நெட்டித் தேயும்.

பெல்ட் அதிகமாக முறுக்கப்பட்டிருந்ததா என்றும் பாருங்கள். வி-பெல்ட் என்றால் நீளமான பக்கத்தின் நடுவே கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் 10 மி.மீ. தாழ வேண்டும்.

பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வெல்ச் பிளக்கைச் சுற்றித் தண்ணீர் கசிகிறது. தட்டி இறக்கினால் நிற்குமா?
– வாசகர், வேதாரண்யம்

நிற்காது. வெல்ச் பிளக் என்பது பிளாக்கில் உள்ள துளையை அடைக்கும் கிண்ணம் போன்ற தகட்டு மூடி. அது உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும், தட்டினால் ஓட்டையாகும். புதிது போடுங்கள். துளைச் சுவரில் உள்ள துருவை எமரியால் எடுத்து, மெல்லிய சீலன்ட் தடவி, கிண்ணத்துக்குள் போகும் அளவு சாக்கெட்டை வைத்து நேராக அடித்து இறக்குங்கள். விளிம்பின்மேல் அடிபடக் கூடாது. இறுகிப் பிடிப்பது அந்த விளிம்புதான். அது துளையின் சரிவான வாய்க்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் புதிய பிளக்கும் இப்படித்தான் போகும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் (வால்வு மூடும்போது வந்து அமரும் வளையம்) லூஸ். அதற்கும் இந்தக் காம்பவுண்டு போடலாமா?
– வாசகர், பாபநாசம்

கூடாது. அங்கே உள்ள சூட்டை இவை எதுவும் தாங்காது. சீட் கழன்று விழுந்தால் பிஸ்டனும் வால்வும் சேர்ந்து போகும். ஹெட்டை ரீபோரிங் பட்டறைக்குக் கொடுத்து, துளையைப் பெரிதாக்கி, ஓவர்சைஸ் சீட் போடச் சொல்லுங்கள். ஹெட்டைச் சூடாக்கி, சீட்டைக் குளிரவைத்து இறக்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம்.