பட்டனை அழுத்தினால் இசை வருமா?

கேள்வி: என் தம்பி நான்கு வருடமாக லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்கிறான். எந்த வாத்தியமும் கற்றவனில்லை. பட்டனை அழுத்தினால் ஏதோ வருகிறது. அதை ஆல்பம் என்று அவனே இணையத்தில் போட்டுவிடுகிறான். இதுவரை ஒன்பது. கேட்பவர்கள் நாற்பது பேரைத் தாண்டமாட்டார்கள். தரம் வந்த பிறகு வெளியிடு என்றால் கேட்பதில்லை. நீங்களாவது சொல்லக்கூடாதா?
ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சொல்கிறேன், ஆனால் உங்களுக்கு. வீட்டில் உட்கார்ந்திருந்தால் தரம் தானாக வந்து கதவைத் தட்டுமா?

சி418 என்ற பெயரில் இசையமைக்கும் டேனியல் ரோசன்ஃபெல்ட் 1989-இல் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர். சிறுவயதில் அவர் கையில் கிடைத்தது ஸ்கிசம் டிராக்கர் என்ற மென்பொருள். கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி எழுத்தும் எண்ணுமாக வரிகள் மேலிருந்து கீழே ஓடும். எந்த வரியில் எந்த ஒலி, என்ன ஸ்வரம், எவ்வளவு சத்தம் என்று ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். பட்டன் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு சாயங்காலம் அதன் முன் உட்கார்ந்து பார்க்கலாம். அப்புறம் ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு இசை மென்பொருள். முட்டாள்கூட இதில் இசை செய்துவிடலாம் என்றாராம் அவருடைய அண்ணன். அட, நான் முட்டாள்தானே என்று தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். அவரே சொன்ன கதை இது. (அண்ணன்களில் இப்படியும் உண்டு.)

இருபது வயதுக்குள்ளேயே ஆல்பம் ஆல்பமாகத் தானே வெளியிட்டார். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்கு இசை செய்தபோதும் 2011-இல் அந்த ஆல்பத்தை, 24 துண்டுகள், எந்த இசை நிறுவனமும் இல்லாமல் அவரே வெளியிட்டார். 2025-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் தம்பிக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த விளையாட்டு அப்படி ஓடியது அதிர்ஷ்டம். நான் பார்ப்பது வேறு. அந்த விளையாட்டில் ஒலியை இயக்கும் எஞ்சின் அப்போது பலவீனமானது. பெரிதாக எதையும் தாங்காது. அவரோ தயங்கித் தயங்கி விழும் பியானோ, நடுவில் நீண்ட மௌனம் என்று செய்துவிட்டார். எதை விட்டுவிடலாம் என்ற அந்தத் தெளிவு, அதிகம் பேர் கேட்காத பழைய ஆல்பங்களில் பழகியது என்பது என் கணிப்பு.

லேப்டாப்பில் இசை செய்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். எட்டு பார் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சின்னத் துண்டு, எல்லோரிடமும் நூறு இருக்கும். அருமையாகத்தான் இருக்கும். அதை நான்கு நிமிடப் பாட்டாக நீட்டி, ஓர் இடத்தில் போதும் என்று நிறுத்தி வெளியே அனுப்புவதில்தான் முக்கால்வாசிப் பேர் கவிழ்கிறார்கள். வெளியிட்ட மறுநாள்தான் உறைக்கும்: தாளத்தின் கனமான அடியான கிக் டிரம்மும், தாழ்ந்த ஸ்வரங்களான பேஸும் ஒரே அடித்தளத்தில் முட்டிக்கொண்டு குழம்பாகிக் கிடக்கின்றன, ஹெட்போனில் இடித்த இடி போன் ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. ஃபோல்டருக்குள் பூட்டி வைத்தவனுக்கு இது கடைசிவரை தெரியாது.

தம்பிக்கும் ஒரு கேள்வி உண்டு. ஒன்பதாவதில் அவர் செய்த தவறு, முதல் ஆல்பத்தில் செய்த அதே தவறா? அப்படியானால் எண்ணிக்கை மட்டும்தான் வளர்ந்திருக்கிறது. பத்தாவதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் சொல்லலாம். ஆனால் இவ்வளவு நீளக் கேள்வியில், அந்த ஒன்பதில் ஒன்றையாவது கேட்டதாக ஒரு வார்த்தை இல்லையே? முதலாவதையும் ஒன்பதாவதையும் இன்று ராத்திரி அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கியே கேளுங்கள். தம்பிக்கு நாற்பத்தோராவது ஆள் கிடைத்த மாதிரியும் இருக்கும்.