விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைச் சீக்கிரம் முடிப்பது எப்படி?

ஆபத்தான பொருள் எதுவும் விமானத்துக்குள் போகாமல் ஆளையும் கைப்பையையும் பார்ப்பதுதான் பாதுகாப்புச் சோதனை. எக்ஸ்ரே படத்தில் ஏதாவது தெளிவாகத் தெரியாவிட்டால் பையைத் திறப்பார்கள். நேரம் போவது அங்கேதான். கோணேசர் கோயில் வாசலில் ஒருவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க, பின்னால் வருபவர்கள் எல்லாம் நிற்பது போல. ஆகவே பெல்ட், சாவி, சில்லறையை வரிசையில் நிற்கும்போதே பைக்குள் போடுங்கள். மடிக்கணினி மேலாக இருக்கட்டும்.

2006இல் பிரித்தானியாவில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்ட பிறகு வந்ததுதான், கைப்பையில் கொண்டுபோகும் திரவத்துக்கு ஒரு போத்தலுக்கு 100 மில்லிலீட்டர் என்ற கட்டுப்பாடு. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரை சட்டித் தயிர் சுமப்பவர்களே, தயிரும் திரவக் கணக்குத்தான்! அதை விமானத்தின் அடியில் ஏற்றக் கொடுக்கும் பெரிய பெட்டியில் போடுங்கள். பவர் பேங்கை மட்டும் அந்தப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

அப்புறம், 200 மில்லிலீட்டர் போத்தலில் கொஞ்சம்தானே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பார்ப்பது போத்தலின் கொள்ளளவை, மிச்சத்தை அல்ல.