குளிர்காலத்தில் கரையேறும் படகுக்கு எந்த அடிப்பெயின்ட்?

உங்கள் படகு அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை தண்ணீரில், மற்ற மாதங்களில் கரையில், பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடியில் பூசிய பழைய பெயின்ட் என்ன வகை என்றே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கெட்டிப் பெயின்ட் பக்கம் போகவே வேண்டாம். அது மாதக்கணக்கில் காற்றில் காய்ந்தால் வீரியத்தில் பெரும்பகுதி போய்விடும், போதாததற்கு வருடாவருடம் தடிமன் ஏறிக்கொண்டே வந்து ஒருநாள் பாளம் பாளமாக உரியும். மெல்லக் கரையும் அப்லேட்டிவ் வகையே உங்களுக்குச் சரி, கரையில் கிடந்தாலும் வீணாகாது.

பழசைச் சோதிக்க ஈரத்துணியால் அழுத்தித் தேயுங்கள், துணியில் நிறம் தாராளமாக ஒட்டினால் பெரும்பாலும் கரையும் வகைதான். கெட்டி வகையாக இருந்தாலும் 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டு மேலே அடிக்கலாம். தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் விஷம், முகமூடி இல்லாமல் கிட்டவே போகாதீர்கள்.

முதல் கோட் சிவப்பு, அதற்கு மேல் இரண்டு கோட் நீலம் என்று அடித்தால், சிவப்பு எட்டிப் பார்க்கும்போது அடுத்த பெயின்டுக்கு நேரம் வந்துவிட்டது என்று தெரியும். நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானின் முன்விளிம்பிலும் கூடுதலாக ஒரு கோட், அங்கேதான் சீக்கிரம் தேயும்.

அப்புறம், நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த அலுமினிய செயில்டிரைவ் கால் (படகின் அடியில் நீட்டிக்கொண்டு புரொபெல்லரைத் தாங்கும் பகுதி), அதுதான் எனக்குக் கவலை. செம்புச் சேர்மமான குப்ரஸ் ஆக்சைடு கலந்த அடிப்பெயின்ட் அதில் பட்டால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும். காலுக்கு மட்டும் செம்பில்லாத எகோனியா வகையை வாங்குங்கள், இரண்டு பெயின்டுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி விடுங்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் துத்தநாகத் துண்டான ஆனோடில் மட்டும் எதையும் பூசாதீர்கள், பூசினால் அது வேலையே செய்யாது.